நாடக வரிக்கு மெட்டு: எதைப் பாடுவது, எதைப் பேச விடுவது

பழைய நாடகம் ஒன்றிலிருந்து சில வரிகளை எடுத்து மெட்டுப் போடலாம் என்று உட்காருபவருக்கு முதலில் கை போவது ஊரறிந்த வரிக்குத்தான். ஹாம்லெட் என்றால் 'இருப்பதா, இல்லாமல் போவதா' என்று தொடங்கி அவன் தனக்குத்தானே பேசும் அந்தத் தனிமொழி. கேட்டவுடன் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்ற கணக்கு. பெரும்பாலும் அந்தக் கணக்கு தப்பும். அந்த வரி புகழ்பெற்றது பேச்சாக. அதைப் பாட ஆரம்பித்தால் நாலாவது அடியில் பாடகருக்கு மூச்சு முட்டும், எட்டாவது அடியில் கேட்பவர் வாக்கியம் எங்கே தொடங்கியது என்பதையே மறந்திருப்பார்.

ஆக, எந்த நாடகம் என்பதைவிட எந்த மாதிரி வரி என்பதுதான் முதலில் முடிவு செய்ய வேண்டியது. நாடகத்துக்குள்ளேயே பாட்டாக இருப்பதை எடுக்கலாம், வசனத்தைப் பாட்டாக்கலாம், ஒரு கூட்டமே சேர்ந்து பாடும் கோரஸ் பகுதியை எடுக்கலாம், வரியைப் பேச விட்டுப் பின்னால் இசையை ஓட்டலாம், இல்லை எல்லாவற்றையும் பாட்டுக்குத் தோதாகத் திருத்தியே எழுதிவிடலாம். நடுநடுவே மூலமொழியா மொழிபெயர்ப்பா என்ற கேள்வி குறுக்கே வந்துகொண்டிருக்கும். இத்தனைக்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அந்த வரியில் பாத்திரத்தின் யோசனை நகர்கிறதா, ஒரே இடத்தில் சுற்றுகிறதா? நகர்ந்தால் பேச விடுங்கள், சுற்றினால் பாடுங்கள்.

சரி, சுலபமானதிலிருந்து ஆரம்பிப்போம். ஷேக்ஸ்பியர் தன் நாடகங்களுக்குள் நிறையப் பாட்டு வைத்திருக்கிறார். அவை குட்டி அடிகள், பல்லவி மாதிரி திரும்பி வரும் வரி உண்டு, அர்த்தம் லேசானது. 'ஆஸ் யூ லைக் இட்'டில் வரும் காதலர் பாட்டுக்குத் தாமஸ் மோர்லி போட்ட மெட்டு 1600-லேயே அச்சில் வந்துவிட்டது, இன்றும் பாடுகிறார்கள். 'டெம்பெஸ்ட்' பாட்டுகளுக்கு ராபர்ட் ஜான்சனின் மெட்டுகள் இருக்கின்றன. 20-ஆம் நூற்றாண்டில் ரோஜர் குவில்டர், ஜெரால்டு ஃபின்சி என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். மெட்டு தானாக வந்து உட்காரும் என்பது இதன் லாபம். நஷ்டமும் அதிலேயே இருக்கிறது: எல்லோருக்கும் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் போடுவதை யாராவது கேட்டால் பக்கத்தில் வைத்துப் பார்க்க நூறு மெட்டு தயாராக இருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நாடகத்துக்குள் இருக்கும் பாட்டு சும்மா அலங்காரத்துக்கு இருப்பதில்லை, அந்தக் காட்சியில் அது ஒரு வேலை செய்கிறது. காளிதாசனின் சாகுந்தலத்தில் ஐந்தாம் அங்கத்தில் திரைக்குப் பின்னாலிருந்து ஹம்சபதிகை பாடுவது கேட்கிறது. கேட்ட துஷ்யந்தனுக்கு ஏனென்றே தெரியாமல் மனம் கனக்கிறது, ஏனென்றால் அவன் எதை மறந்தான் என்பதே அவனுக்கு நினைவில்லை. அந்தப் பாட்டைத் தனியாக எடுத்து மேடையில் பாடினால் அது ஒரு தேனீ, ஒரு மாம்பூ, அவ்வளவுதான். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவில் நாயகன் மனைவி டெஸ்டிமோனா பாடும் வில்லோ பாட்டு இன்னும் கொடுமை. பாதியில் அடி மாறிப் பாடிவிடுகிறாள், 'இல்லை, அது அடுத்து வரக்கூடாது' என்று நிறுத்துகிறாள், 'யாரோ கதவைத் தட்டுகிறார்களா' என்று கேட்கிறாள், தோழி எமிலியா 'காற்று' என்கிறாள். அந்தக் காட்சியின் உயிரே இந்தத் தடுமாற்றத்தில்தான். (1622-இல் வந்த முதல் அச்சில் இந்தப் பாட்டே இல்லை, 1623 தொகுப்பில்தான் இருக்கிறது.) இதைச் சுத்தமான மூன்று சரணமாக்கி அழகாகப் பாடினால் ஒரு நாட்டுப்புறச் சோகப்பாட்டு மிஞ்சும், டெஸ்டிமோனா மிஞ்ச மாட்டாள். வெர்டி 1887-இல் 'ஒதெல்லோ'வை முழுக்கப் பாடும் ஆபெரா நாடகமாக்கியபோது இந்த நிறுத்தலையும் காற்றையும் விடாமல் உள்ளே வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

ஹாம்லெட்டில் பித்துப் பிடித்த ஒஃபீலியா பாடும் பாட்டுகளை வைத்து இதையே வேறு மாதிரிப் பார்க்கலாம். பிராம்ஸ் 1873-இல் அவற்றுக்கு மெட்டுப் போட்டது மேடையில் ஒரு நடிகை பாடுவதற்காக. ரொம்பக் குட்டி, ரொம்ப எளிமை, பித்தையெல்லாம் நடிகை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ரிச்சர்டு ஷ்ட்ராஸ் 1918-இல் அதே பாட்டுகளைக் கச்சேரிக்காகப் போட்டார், அங்கே நடிப்பு கிடையாது என்பதால் பித்து முழுக்கப் பியானோவுக்குள் போய்விட்டது. எது சிறந்தது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது, ஆனால் உங்கள் பாட்டைச் சுற்றி நாடகம் நடக்கப் போகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து இந்த இரண்டில் ஒன்றைத்தான் நீங்கள் செய்ய முடியும். நாடகம் சுற்றியிருந்தால் மெட்டு அடங்கி இருக்கட்டும். நாடகம் இல்லையென்றால் தொலைந்துபோன காட்சியை வாத்தியம் ஈடுகட்ட வேண்டும்.

இப்போது வசனத்துக்கு வருவோம், விஷயம் இங்கேதான் சூடுபிடிக்கிறது. ஷேக்ஸ்பியரின் வசனக் கவிதை அடிக்குப் பத்து அசை, அடிக்கடைசியில் ஒலி ஒத்துவரும் இயைபு கிடையாது, வாக்கியம் அடி முடிந்தும் அடுத்த அடிக்குள் ஓடும். நல்ல நடிகர் அதைச் சொல்லும்போது நமக்கு அடியே தெரியாது, யோசனைதான் தெரியும். மெட்டு என்ன செய்யும்? ஒவ்வொரு அடியின் கடைசியிலும் ஒரு சின்ன ஓய்வு கேட்கும். ஓய்வு கொடுத்தால் வாக்கியம் உடையும், கொடுக்காவிட்டால் மெட்டு உடையும். அப்புறம் நேரம். பேசினால் ஒரு நிமிடத்தில் முடிகிற வரி பாடும்போது இரண்டு மூன்று நிமிடம் இழுக்கும், ஒரு வாதத்தை அந்த வேகத்தில் யாராலும் பின்தொடர முடியாது.

ஆனால் எல்லா வசனமும் வாதம் கிடையாது. மாக்பெத்தின் 'நாளை, நாளை, நாளை' வரிகளைப் பாருங்கள். மனைவி செத்த செய்தி வந்திருக்கிறது, அவன் எதையும் முடிவு செய்யவில்லை, ஒரே எண்ணத்தை மெழுகுவர்த்தி, நிழல், மேடை நடிகன் என்று உருமாற்றி உருமாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஹாம்லெட்டின் தனிமொழியைவிட இதற்கு மெட்டுப் போடுவது பல மடங்கு சுலபம். வான் வில்லியம்ஸ் 1951-இல் பக்கவாத்தியமில்லாத கோரஸுக்காக 'டெம்பெஸ்ட்'டிலிருந்து ப்ராஸ்பெரோவின் பேச்சை எடுத்தபோது என்ன செய்தார் என்று பாருங்கள். 'நம் கேளிக்கை முடிந்தது' என்று மாப்பிள்ளையாகப் போகிறவனிடம் பேசும் ஆரம்ப வரிகளை விட்டுவிட்டார். மேகம் தொடும் கோபுரங்களில் தொடங்கி, நம் சின்ன வாழ்வு தூக்கத்தில் முடிகிறது என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் ப்ராஸ்பெரோ 'எனக்கு மனசு சரியில்லை, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன்' என்று போவதெல்லாம் கிடையாது. காட்சி நிற்கும் துண்டை மட்டும் கத்தரித்து எடுத்தார். மெட்டு எப்படி இருந்தாலும் அந்தக் கத்தரிப்பிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

கோதேயின் 'ஃபவுஸ்ட்'டில் க்ரெட்சென் ராட்டை முன் தனியாக உட்கார்ந்து சொல்லும் வரிகள் இன்னொரு உதாரணம். 'என் நிம்மதி போச்சு' என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது, அவளால் காதலனின் நினைப்பை விட்டு நகர முடியவில்லை. ஷூபர்ட் 1814-இல் இதற்கு மெட்டுப் போட்டபோது அவருக்கு வயது 17. பியானோவின் வலது கை ராட்டை மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கிறது, காதலன் கொடுத்த முத்தத்தை நினைக்கும் இடத்தில் மட்டும் நின்றுபோகிறது, அப்புறம் தயங்கித் தயங்கி மறுபடி சுற்றத் தொடங்குகிறது. கடைசியில் கோதே திருப்பிச் சொல்லாத தொடக்க வரியை ஷூபர்ட் தானாக ஒருமுறை திருப்பிப் போட்டு முடிக்கிறார். நாடகாசிரியர் எழுதாததைச் சேர்க்கலாமா என்று தயங்குபவர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம். திருப்பிச் சொல்வது புதிதாக எழுதுவதில் சேராது.

உரைநடை வசனத்தை ஒதுக்கிவிடாதீர்கள், அங்கேயும் சரக்கு இருக்கிறது. ஹாம்லெட்டின் 'மனிதன் எப்பேர்ப்பட்ட படைப்பு' என்ற பேச்சு உரைநடை. 1960-களின் ராக் இசை நாடகமான 'ஹேர்'-இல் கால்ட் மக்டெர்மாட் அதைப் பாட்டாக்கினார், கச்சிதமாக நிற்கிறது. அந்தப் பேச்சு ஒரு பட்டியல். என்ன அறிவு, என்ன வடிவம், என்ன நடை என்று அடுக்கிக்கொண்டே போகிறது. பட்டியலுக்கு எப்போதும் மெட்டு அமையும்.

என் அளவுகோலுக்கு எதிராக ஒரு வலுவான சாட்சி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தில் வள்ளியும் நாரதரும் பாட்டிலேயே தர்க்கம் செய்வார்கள், விடிய விடிய உட்கார்ந்து கேட்ட சனம் உண்டு. வாதத்தைப் பாட முடியாது என்றால் இது எப்படி? ஒரு கேள்வி, ஒரு பதில், ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் முடிகிற அடி, ஆளுக்கு ஒரு குரல். வாதம் இரண்டு பேருக்கு நடுவில் பந்து மாதிரி போய் வருகிறது. தனி ஆள் தன் தலைக்குள் நடத்தும் வாதத்துக்குத்தான் மெட்டு ஆகாது. உங்களிடம் இரண்டு நல்ல குரல் இருந்தால் பழைய நாடகங்களின் சண்டைக் காட்சிகள் பக்கம் தாராளமாகப் போகலாம், பெரிதாக யாரும் அங்கே கை வைப்பதில்லை.

தமிழ் நாடகம் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். நமக்கெல்லாம் மனப்பாடமான ஒரு பாட்டு, ஒரு நாடகத்தின் வரிதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் 1891-இல் வந்தது, அதன் வாழ்த்துப் பகுதியிலிருந்து எடுத்த 'நீராருங் கடலுடுத்த' 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக அறிவிக்கப்பட்டது, மோகனத்தில் திஸ்ர நடையில் மெட்டமைத்தவர் எம்.எஸ். விஸ்வநாதன். மூலத்தில் பிற மொழிகளைத் தொட்டுப் பேசும் வரிகள் பாடும் வடிவத்தில் இல்லை. மொத்தம் 55 விநாடி. அந்த நாடகத்தில் எத்தனையோ பக்கம் நல்ல ஆசிரியப்பா இருக்கிறது, ஆனால் பாட்டாக நிலைத்தது கதை எதுவும் நகராத, வணங்கி நிற்கிற இந்தத் துண்டுதான்.

இதில் கற்றுக்கொள்ள ஒரு தொழில் நுட்பமும் இருக்கிறது. நீராரும், சீராரும் என்று எதுகை அடியின் தொடக்கத்தில் விழுகிறது, மெட்டும் அங்கேதான் அழுத்துகிறது. மேல்நாட்டுப் பாட்டு வடிவத்தைக் கேட்டுப் பழகிய கைக்கு அடியின் கடைசியில் முத்தாய்ப்பு வைக்கத்தான் வரும், தமிழ்ச் செய்யுளை அப்படிப் போட்டால் எதுகை முழுக்க வீணாகும். இன்னொன்று குறில் நெடில். நீளமான ஸ்வரத்தைக் குறிலின்மேல் வைத்து இழுத்தால் 'படு' என்பது 'பாடு' ஆகிவிடும், 'வலி' 'வாலி' ஆகிவிடும். மெட்டை முதலில் போட்டுவிட்டு வரியை அதற்குள் திணிக்கிறவர்கள் இந்தக் குழியில் தவறாமல் விழுவார்கள். பழைய நாடக வரிக்கு மெட்டுப் போடும்போது வரியை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை, அதனால் வரியைப் பத்து தடவை சத்தமாகச் சொல்லிவிட்டு அப்புறம் ஆர்மோனியத்தைத் தொடுங்கள்.

குறவஞ்சி நாடகங்களை எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கும் இடம்: 'செங்கையில் வண்டு கலின்கலின் என்று செயஞ்செயம் என்றாட'. தாளம் வரிக்குள்ளேயே இருக்கிறது, நீங்கள் செய்ய வேண்டியது அதைக் கெடுக்காமல் இருப்பது மட்டும். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகள் பாட்டாகவே எழுதப்பட்டவை, ராகம் தாளம் குறித்து. இருந்தும் இன்று கச்சேரியில் கேட்கும் பல மெட்டுகள் பின்னால் வந்தவர்கள் போட்டவை. 'யாரோ இவர் யாரோ' இன்று பைரவியில்தான் நம் காதில் நிற்கிறது. ஏற்கெனவே மெட்டு இருக்கும் நாடகப் பாட்டுக்குப் புது மெட்டு போடுவது துரோகம் என்று நினைப்பவர்களுக்கு, அந்த மரபே அப்படித்தான் உயிரோடு இருந்திருக்கிறது என்று சொல்லலாம்.

கோரஸ் பற்றிச் சுருக்கமாக. கையில் பத்து இருபது பேர் பாடும் குழு இருந்தால் கிரேக்க நாடகங்களை விட்டுவிட்டு வேறு எங்கும் போகாதீர்கள். அந்தக் கோரஸ் பகுதிகள் முதலிலிருந்தே பாடி ஆடுவதற்காக எழுதியவை, கதை நின்று ஊர் யோசிக்கும் இடங்கள். ஒரே யாப்பில் இரட்டை இரட்டையாக வரும் என்பதால் ஒரு பத்திக்குப் போட்ட மெட்டு மூலமொழியில் அடுத்த பத்திக்கும் அப்படியே பொருந்தும். யூரிபிடிஸின் 'ஒரெஸ்டெஸ்' கோரஸின் சில அடிகள் இசைக் குறிப்போடு ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டில் தப்பிப் பிழைத்து இன்று வியன்னாவில் இருக்கின்றன. மெண்டல்சன் 1841-இல் சொஃபக்ளிஸின் 'அந்திகொனே' கோரஸை ஜெர்மனில் ஆண் குரல்களுக்குப் போட்டார். மொழிபெயர்ப்பில் அந்த இரட்டைப் பொருத்தம் பெரும்பாலும் போய்விடும், அதைக் காப்பாற்றிய மொழிபெயர்ப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

பாடவே வேண்டாம், பேசட்டும், பின்னால் இசை ஓடட்டும் என்பது பலர் சோம்பேறி வழி என்று நினைப்பது. உண்மையில் யோசனை ஓடும் வரிகளுக்கு இதைவிட நேர்மையான வழி கிடையாது. பீத்தோவன் 1810-இல் கோதேயின் 'எக்மோன்ட்'டுக்கு இசையமைத்தபோது நாயகன் எக்மோன்ட்டின் காதலி க்ளேர்சென் பாடும் இடங்களைப் பாட்டாகப் போட்டார். மரண தண்டனைக்கு முந்தைய இரவில் எக்மோன்ட் தூக்கத்தை அழைத்துப் பேசும் இடத்தைப் பேச்சாகவே விட்டு இசையை அதன் கீழே வைத்தார். ஒரே நாடகத்தில் இரண்டு வழியும். இதில் சொதப்பும் இடம் ஒன்றுதான்: சீரான தாளம் ஓட ஓட நடிகரைப் பேச வைப்பது. அவர் தன்னையறியாமல் தாளத்துக்குச் சொல்ல ஆரம்பிப்பார், பள்ளிக்கூட ஒப்புவித்தல் மாதிரி ஆகிவிடும். தாளம் இல்லாமல் நீண்ட சுருதி, பேச்சு நிற்கும் இடத்தில் மட்டும் வாத்தியம் நகர்வது, குரலின் அதே உயரத்தில் வேறு எதுவும் ஒலிக்காமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவு போதும். நல்ல நடிகரும் சுமாரான பாடகருமாக ஒருவர் கிடைத்தால் யோசிக்காமல் இந்த வழிக்குப் போங்கள்.

வார்த்தையே இல்லாமலும் செய்யலாம். ட்யூக் எலிங்டன் 1957-இல் ஷேக்ஸ்பியர் பாத்திரங்களை வைத்துச் செய்த ஜாஸ் தொகுப்பில் 'சானெட்' என்று பெயர் வைத்த சில துண்டுகள் உண்டு. 14 இசைத் தொடர், தொடருக்குப் பத்து ஸ்வரம். ஷேக்ஸ்பியரின் சானெட் கவிதையும் 14 அடி, அடிக்குப் பத்து அசை. யாரும் ஒரு சொல்லும் பாடுவதில்லை. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும், ஆனால் வரியைக் கேட்க வந்தவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

திருத்தி எழுதுவதா அப்படியே வைப்பதா என்பதில் ஆபெராக்காரர்கள் இரண்டு கட்சி. வெர்டிக்காக 'ஒதெல்லோ'வை எழுதிய போய்டோ முதல் அங்கத்தை முழுக்கத் தூக்கிவிட்டுப் புயலில் தொடங்கினார், வில்லன் யாகோவுக்கு ஷேக்ஸ்பியரில் இல்லாத ஒரு தனிமொழியே எழுதிக் கொடுத்தார். தாமஸ் ஆடெஸின் 'டெம்பெஸ்ட்'டுக்கு (2004) மெரெடித் ஓக்ஸ் எல்லாவற்றையும் குட்டி இயைபு அடிகளாக மாற்றி எழுதினார். எதிர்க்கட்சியில் ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன். 1960-இல் 'மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' செய்தபோது நாடகத்தைப் பாதியளவு வெட்டினார்கள், ஆனால் ஷேக்ஸ்பியர் எழுதாத வரி என்று சேர்த்தது ஒன்றே ஒன்று. எனக்குப் பிரிட்டன் வழிதான் சரியாகப் படுகிறது. எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டுங்கள், எழுதிச் சேர்க்காதீர்கள். திருத்தி எழுதும் வழி கை தேர்ந்த கவிஞர் உடன் இருந்தால் மட்டும். அப்படி ஒருவர் இருந்தால் புதுப்பாட்டே எழுதச் சொல்லலாமே என்றும் தோன்றும், அது வேறு கதை.

மொழிபெயர்ப்பு விஷயத்தில், ஷூபர்ட்டின் 'சில்வியா' (1826) ஷேக்ஸ்பியர் பாட்டின் ஜெர்மன் வடிவத்துக்குப் போட்டது. மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் அசைக் கணக்கை விடவில்லை என்பதால் ஆங்கிலத்திலும் அதே மெட்டில் பாட முடிகிறது. தமிழில் அப்படி எதிர்பார்க்க முடியாது, இரண்டு மொழியின் அசைக்கணக்கும் வேறு. பம்மல் சம்பந்த முதலியாரின் 'அமலாதித்யன்' ஹாம்லெட்டை உள்வாங்கியது, நடிக்க நன்றாக இருக்கும், மெட்டுக்கென்று பார்த்தால் பட்டியல் மாதிரி ஓடும் பேச்சுகளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

உரிமை விஷயத்தைக் கடைசியில் பார்ப்போம் என்று தள்ளாதீர்கள், மெட்டு போட்ட பிறகு வரி கைக்கு வராமல் போனால் வேலை முழுக்கப் போச்சு. ஷேக்ஸ்பியருக்கோ சொஃபக்ளிஸுக்கோ யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் போன வருடம் வந்த மொழிபெயர்ப்பு அதன் மொழிபெயர்ப்பாளருடைய சொத்து. இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு, ஐரோப்பாவில் பெரும்பாலும் 70 ஆண்டு காப்புரிமை ஓடும். பம்மல் சம்பந்த முதலியார் 1964-இல் காலமானார், இந்தியாவில் அந்த 60 ஆண்டு 2024-ஆம் ஆண்டோடு முடிந்தது. பாடல் பதிவை இணையத்தில் ஏற்றினால் அது எல்லா நாட்டிலும் கேட்கும் என்பதால் நீளமான கணக்கையே எடுத்துக்கொள்வது உத்தமம். இல்லையென்றால் தேர்ந்தெடுத்த பத்து வரியை மட்டும் நீங்களே மொழிபெயர்த்துக்கொள்ளலாம். அதில் ஒரு கூடுதல் வசதியும் இருக்கிறது, உச்ச ஸ்வரம் எங்கே வரப்போகிறது என்று தெரிந்தே அந்த இடத்தில் இழுத்துப் பாடத் தோதான ஓர் 'ஆ' ஒலியை வைத்துவிடலாம்.